நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது, கியர் மிதித்தால் கடக்: இன்ஜினை இறக்கியே ஆகணுமா?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். 2007 மாடல் 100 சிசி வண்டி, அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம். நாலு கியரும் முன்னால் மிதிக்கிற வகை, மாடல் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கும். மீட்டர் கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஆகிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மட்டும் கேட்காதீர்கள். தினமும் காலையில் இரண்டு பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு, வாரத்தில் இரண்டு நாள் மாரண்டஅள்ளி வழியாக ராயக்கோட்டைக்குத் தக்காளிக் கூடை.

காலையில் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால் கடக்கென்று சத்தம், கிளட்ச் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஒரு குதி குதிக்கிறது. சூடான பிறகு இன்னும் மோசம். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றால் நியூட்ரல் கிடைப்பதே இல்லை, முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரக் காலால் தவம் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று மாதம் முன்னால்தான் கிளட்ச் பிளேட், ஆயில் எல்லாம் மாற்றினேன். இப்போது அதே மெக்கானிக் கியர் பாக்ஸ் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும், 7,500 ரூபாய் ஆகும் என்கிறார். அப்பாவோ விற்றுவிடு என்கிறார். என்ன செய்யலாம்?

மாங்கொட்டை:
ஆயில்தான் தம்பி. கார் ஆயிலை ஊற்றியிருப்பார்கள். நல்ல ஆயிலாக மாற்றுங்கள், வெண்ணெய் மாதிரி விழும்.

தொப்பூர் வளைவு:
மாங்கொட்டை அண்ணா, கார் ஆயில் ஊற்றினால் வருகிற கோளாறு இதற்கு நேர் எதிர். சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற சரக்கு கலந்திருக்கும். நம் வண்டியில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது, அதனால் பிளேட் வழுக்கும்: ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. இவருக்கு வழுக்கவில்லை, கிளட்ச் முழுசாக விடவில்லை. இரண்டையும் குழப்பினால் காசு வீண். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (கிளட்ச் ஆயிலில் முங்குகிற பைக்குகளுக்கான தரக் குறியீடு) என்று இருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் நல்லதுதான், அதை மறுக்கவில்லை. மெல்லிய 10டபிள்யூ-30 ஆயில் போட வேண்டிய வண்டிக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினாலும் காலைக் குளிரில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு கடக் என்று இழுக்கும், ஆனால் சூடானதும் அது சரியாகிவிட வேண்டும். இவருக்குச் சூடானால் கூடுகிறது.

பாலக்கோட்டுக்காரரே, காசு செலவில்லாத ஒரு சோதனை. அடுத்த முறை நியூட்ரல் விழாமல் மாட்டிக்கொண்டால் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு மிதித்துப் பாருங்கள். லொடக்கென்று சுலபமாக விழுந்தால் கியர் பாக்ஸ் மேல் பழி போட அவசரம் வேண்டாம். இந்த வண்டிகளில் பல் சக்கரங்கள் எப்போதும் கோத்துக்கொண்டேதான் சுற்றும். கியர் மாறுவது என்பது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் முகத்தில் இருக்கிற கொக்கி மாதிரியான முளைகள் பக்கத்துச் சக்கரத்தில் மாட்டுவதுதான். கிளட்ச் அரைகுறையாக விட்டால் அந்த முளைகள் மேல் இழுவை இருந்துகொண்டே இருக்கும், அந்த அழுத்தத்தில் கழன்று வராது. இன்ஜின் நின்றால் இழுவை போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

ஆஃப் செய்தும் அடம் பிடித்தால், டபுள் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். அப்போதும் விழவில்லை என்றால் கியர் லீவர் வளைந்து எங்கேயாவது உரசுகிறதா, லீவரின் உள்பல் தேய்ந்து சுற்றுகிறதா, மிதித்த லீவர் தானாகத் திரும்பி வருகிறதா பாருங்கள். ஒரு தடவை கீழே போட்ட வண்டி என்றால் முதல் சந்தேகம் லீவர் மேல்தான்.

பாலக்கோட்டுக்காரன்:
இன்று சந்தையில் பார்த்தேன் அண்ணா. ஆஃப் செய்தால் ஒரே மிதியில் நியூட்ரல். ஸ்டாண்டு போட்டும் பார்த்தேன், நாலும் சும்மா விழுகிறது. அப்போ 7,500 எதற்குக் கேட்டார்?

தொப்பூர் வளைவு:
அதை அவரிடம்தான் கேட்கணும். முதலில் கிளட்ச் கேபிள். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்கு மேல் லொடலொடவென்று இருந்தால் நீங்கள் முழுசாகப் பிடித்தாலும் உள்ளே பாதிதான் அழுந்தும். ஹேண்டில் பக்கத்து முனையை ரப்பரை விலக்கிப் பாருங்கள், உள்கம்பி ஒன்றிரண்டு இழை பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டு ஏமாற்ற வேண்டாம், புதுசு போடுங்கள்.

லேத்து பட்டறை:
இடையில் வருகிறேன். பழையபேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன், வண்டி வேலையும் உண்டு. தம்பி, பிளேட் மாற்றினேன் என்றீர்களே, எதெதை மாற்றினார்கள்? கார்க் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு நடுவில் இருக்கிற இரும்பு பிளேட்டைப் பழசாகவே போடுவது வழக்கம். அது சூட்டில் லேசாக வளைந்திருந்தால் கிளட்ச் பிடித்தாலும் பிரியாது. ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பார்த்தால் ஆட்டம் தெரியும். இன்னொன்று, நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: பிளேட் உட்காருகிற ஹவுசிங்கின் விரல்களில், வருடக்கணக்காகப் பிளேட்டின் காது இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். புதுப் பிளேட்டின் காது அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. நகத்தால் தடவினாலே தெரியும். லேசாக இருந்தால் அரம் போட்டுச் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் ஹவுசிங் மாற்றுவதுதான் வழி. இதற்கு இன்ஜின் இறக்க வேண்டாம், ஆயிலை வடித்துவிட்டு வலது பக்கக் கவரைக் கழற்றினால் போதும். கழற்றுகிறபோதே ஆயில் வலையையும் கழுவிவிடுங்கள், பேக்கிங் கண்டிப்பாகப் புதுசு, புதுப் பிளேட்டை மாட்டும் முன் ஆயிலில் ஊற வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிளேட்டை அப்படியே போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மாங்கொட்டை:
சரி சரி, ஆயில் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் ஆர்எக்ஸ் 100-இல் கியருக்குத் தனி ஆயில், அதே நினைப்பில் சொல்லிவிட்டேன். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன மாடல், இன்னும் கியர் அல்வா மாதிரி.

தொப்பூர் வளைவு:
எங்கே போனாலும் உங்கள் ஆர்எக்ஸ் வந்துவிடும்.

பாலக்கோட்டுக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தக்காளி பறிப்பு. கேபிளில் மூன்று இழை அறுந்திருந்தது, மாற்றியதும் பாதி சரியானது. மீதிக்கு தர்மபுரியில் வேறு ஒரு பட்டறையில் கூடவே நின்று கவரைக் கழற்றச் சொன்னேன். லேத்து அண்ணன் சொன்ன அதே பள்ளம், நகம் மாட்டி நிற்கிறது. இரும்பு பிளேட் இரண்டு வளைந்திருந்தது. ஹவுசிங், இரும்பு பிளேட், பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து முதல் ஆள் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே நியூட்ரல் விழுகிறது, அப்பா ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து விற்கிற பேச்சை விட்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கூடையோடு ராயக்கோட்டை ஏற்றத்தில் இரண்டாவது கியர் எப்போதாவது தானாகக் கழன்று நியூட்ரல் மாதிரி ஆகிவிடுகிறது. முன்பும் இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன். இதுவும் கிளட்ச்தானா?

லேத்து பட்டறை:
இல்லை தம்பி, இது கிளட்ச் இல்லை. லோடில் தானாகக் கழன்றால் அந்தக் கொக்கி முளைகளின் ஓரம் தேய்ந்து உருண்டிருக்கும், இல்லை சக்கரத்தை நகர்த்துகிற உள் ஃபோர்க் வளைந்திருக்கும். கவரைக் கழற்றினால் எட்டாது, இன்ஜினை இறக்கி இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும். முதல் மெக்கானிக் ஒருவேளை இதை ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ, ஆனால் நியூட்ரல் விழாததற்கு அது காரணம் இல்லை. பறிப்பு முடிகிற வரை ஓட்டுங்கள், ஏற்றத்தில் கூடை இருந்தால் முதல் கியரிலேயே ஏறுங்கள், கழலக் கழல முளை இன்னும் தேயும். அப்புறம் கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.