30 வயதுக்கு மேல் பிரஷர், சர்க்கரை பரிசோதனை: கடலோரக் கிராமங்களில் இரண்டாம் மாதமே ஆளைக் காணோம்

மண்டபம்_எம்ஓ:
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான வழிகாட்டுதலில் குழப்பம் ஏதுமில்லை. 30 வயது தாண்டிய எல்லாரையும் பார்க்கணும், பிரஷர் 140/90க்கு மேல் இருந்தால் உறுதிப்படுத்தணும், பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கணும், மாதாமாதம் வரவைக்கணும். நடப்பது வேறு. எம்டிஎம் (மக்களைத் தேடி மருத்துவம்) தன்னார்வலர் வீட்டுக்குப் போனால் பெண்கள்தான் இருக்கிறார்கள். மீன் இறங்குதளத்து முகாமில் எகிறிய பிரஷர், நிலையத்தில் பார்த்தால் சரியாக இருக்கிறது. மாத்திரை தொடங்கியவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னால், "கருவாடு இல்லாம கஞ்சி எப்படி டாக்டர் இறங்கும்?" எதிலிருந்து தொடங்கலாம்?

என்சிடி_சிஸ்டர்_தொண்டி:
டாக்டர், முகாம் நேரத்திலிருந்து தொடங்குங்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்து, மீனை இறக்கி, டீயும் பீடியுமாக நிற்பவருக்கு அங்கேயே பிரஷர் பட்டை கட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது. கடலுக்குப் போகாத நாளில், சாயங்காலம், வலை பின்னும் இடத்துக்கே போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் ஊரில் இருக்கும் அந்த 61 நாளில் முதல் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

அளக்கும்போது: டீ, பீடி விட்டு 30 நிமிடம். சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் பேசாமல் உட்காரணும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பலர் கவனிக்காதது பட்டையின் அளவு. சாதாரணப் பட்டை சுமார் 32 செ.மீ. சுற்றளவுள்ள புஜம் வரைதான் சரி. வலை இழுத்து இறுகிய கைக்கு அது சின்னது, அளவைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை ஒன்று முகாம் பையில் இருக்கட்டும். 180/110 தொட்டால் அன்றே மருந்து, அதற்குக் கீழே என்றால் வேறொரு நாளும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மருந்தாளுநர்_கீழக்கரை:
சரியாக 30 மாத்திரை எண்ணிக் கொடுத்தால், இரண்டு நாள் பிந்தினாலே மருந்து நின்றுபோகும். பிரஷர் கட்டுக்குள் வந்தவருக்கு 60 கொடுங்கள். படகுக்குக் கொண்டுபோவதை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம், ஈரக்காற்றில் கெட்டுப்போகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடக் கூடாது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கம் ரமலான் இன்னொரு இடறல். நோன்பு வந்ததும் சர்க்கரை மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். ஆறு வாரம் முன்பே கூப்பிட்டு மாற்றிக் கொடுங்கள். மெட்ஃபார்மினை நோன்பு திறக்கும்போதும் சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) பிரித்துவிடலாம். க்ளிமிபிரைடைக் காலையிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள், அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் நோன்பை முறித்தே ஆகணும். இதைப் பள்ளிவாசல் ஜமாஅத் மூலம் சொன்னால் எடுபடும்.

உப்புக்_கணக்கு:
"உப்பைக் குறைங்க" என்பது யார் காதிலும் ஏறாது. ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்பு. நாலு பேருக்கு 20 கிராம், ஆக 50 நாள் வரணும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம், அதுவும் கருவாடு, அப்பளம், ஊறுகாய் சேராமல். மீனுக்கு உப்புப் போடுவதும் அதே பாக்கெட்டிலா என்று கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். உப்பளம் உள்ள வாலிநோக்கம் பக்கம் கல் உப்பை மூட்டையாக வாங்குவோரிடம் இந்தக் கேள்வி பலிக்காது. ஒரு குழம்புச் சட்டிக்கு எத்தனை கரண்டி என்றுதான் கேட்கணும்.

கருவாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தவும் மாட்டார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, குழம்பில் தனி உப்புப் போடாமல் வைக்கட்டும். கருவாடு கடிக்கும் அன்று கஞ்சிக்கு உப்பு வேண்டாம். பொட்டாசியம் கலந்த குறைசோடியம் உப்பை எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் டெல்மிசார்டன், எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரைகள் எடுப்பவருக்கும் ஆபத்து.

மண்டபம்_எம்ஓ:
60 மாத்திரை யோசனை நல்லது. சிபேக் படிவத்தில் (வயது, பீடி, உடல் உழைப்பு போன்றவற்றைக் கேட்டு ஆபத்துக்கு மதிப்பெண் போடும் படிவம்) 4க்கு மேல் மதிப்பெண் வராதவரை விட்டுவிடலாமா?

என்சிடி_சிஸ்டர்_தொண்டி:
கூடாது டாக்டர். அந்த மதிப்பெண் யாரை முதலில் பார்ப்பது என்பதற்குத்தான். 45 வயசு, ஒல்லி உடம்பு, தினமும் கடல் வேலை, தினமும் பீடி. இவர் 4ஐத் தாண்டவே மாட்டார். பக்கவாதம் வந்து கிடப்பவர்களில் இந்தச் சாயல் ஆட்கள்தான் நிறைய.

சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டையை எடுத்ததும் குப்பியை மூடுங்கள், நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தாங்காது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதணும். ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள். விரலில் கருப்பட்டிப் பிசுக்கு இருந்தாலும் சர்க்கரை ஏறிக் காட்டும், கை கழுவச் சொல்லுங்கள்.

வராதவர்களுக்கு: நோயாளி அட்டைகளை ஊர்வாரியாக அடுக்காமல், அடுத்து வரவேண்டிய தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரு வாரம் தாண்டிய அட்டை கண்ணில் படும், முதலில் போன், பிறகு தன்னார்வலர். மாதக் கணக்கில் எத்தனை பேர் கட்டுப்பாட்டில் என்று எழுதும்போது வராதவர்களையும் மொத்தத்தில் சேர்த்தே வகுங்கள். வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் சதவீதம் அழகாக இருக்கும், வராதவர்களின் அட்டைப்பெட்டி நிரம்பிக்கொண்டே போகும்.