மறு: கேரவன் கையேடு, ஜாக்கிக்குத் தமிழ்ச்சொல்

மதுரையிலிருந்து:

வணக்கம். கேரவன் ஓட்டுநர்களுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். டயர் மாற்றும் பகுதியில் சிக்கல். வண்டியைத் தூக்கும் கருவிக்கும், நிறுத்திய இடத்தில் வண்டி ஆடாமலிருக்க இறக்கும் கால்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அந்தக் கால்களை நம்பி டயரைக் கழற்றவே கூடாது. அதனால் இரண்டு சொல் வேண்டும். பளுதூக்கி என்றால் கிரேன் ஆகிவிடுகிறது.

மேலூரிலிருந்து:

ஐயா, 'உந்தி' எனலாம். கீழிருந்து உந்துவதுதானே அதன் வேலை? மண்வெட்டி, துருவி போல இகர விகுதி கருவியைக் காட்டும். அப்படியே ஸ்டெப்னியையும் மாற்றுங்கள். அது 1904 வாக்கில் வேல்ஸின் லனெத்லியில் ஸ்டெப்னி தெருவில் இருந்த நிறுவனத்தின் பெயர். நமக்கோ புறநானூறு 102இல் ஔவையார் தந்த 'சேம அச்சு' இருக்கிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போனது. அதைப் பார்த்து 'சேமச் சக்கரம்' என்போம்.

திருமங்கலத்திலிருந்து:

உந்தி என்றால் கொப்பூழ், ஆறு என்றும் பொருள் உண்டே. எங்கள் பக்கம் கரிசல். மழைக்கு மறுநாள் வெறும் மண்ணில் ஜாக்கி வைத்தால் புதைந்து வண்டி சரியும், அகலமான பலகை போட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்டுகிறவர் ஜாக்கி என்ற சொல்லைத்தான் தேடுவார். பட்டறையில் மட்டுமல்ல, வீட்டையே தூக்கி உயர்த்துகிறவர்களிடமும் அது ஜாக்கிதான். புதுச்சொல் அந்தக் கால்களுக்குத்தான் தேவை. 'நிலைக்கால்' வேண்டாம், அது கதவுக்கு உரியது. 'ஊன்றுகால்' என்று வைக்கலாம்.

இன்னொன்று: 'அச்சிறும்', அதாவது அச்சு முறியும், என்று குறள் 475 சொல்கிற பாரத்தைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அச்சின் மேல் விழும் எடையைப் பார்த்தே ஜாக்கி வாங்க வேண்டும். காற்று இறங்கினால் வண்டி தாழ்ந்துவிடும், அப்போதும் ஜாக்கி அடியில் நுழைய வேண்டும்.

மேலூரிலிருந்து:

பட்டறையில் சொல்வதையெல்லாம் அச்சிட்டால் கலைச்சொல் எதற்கு? வடவெழுத்தை நீக்கி எழுதச் சொன்னவர் தொல்காப்பியர். 'சாக்கி' என்றாவது எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் ஜாக்கி, ஊன்றுகால் என்கிறார்கள். சரி, அப்படியே போடுகிறேன். எச்சரிக்கை இப்படி வருகிறது: "மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கவும். தூக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்தவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்."

மேலூரிலிருந்து:

ஜாக்கிக்கு என் மறுப்பு நிற்கிறது, ஐயா. சேமச் சக்கரத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே?