மறுமொழி: கரையை மூடும் சர்காசம் – ‘பாசிப்பெருக்கு’ போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

கரீபியக் கரைகளில் சர்காசம் என்னும் பழுப்புநிறப் பாசி குவிவதைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகப் ‘பாசிப்பெருக்கு’ போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள், எனக்கு உடன்பாடில்லை. பெருக்கு கடலில் நிகழ்வது. அங்கே அந்த மிதக்கும் திட்டுகள் மீன்குஞ்சுகளுக்கும் இளம் ஆமைகளுக்கும் புகலிடம். கரை சேர்ந்து ஓரிரு நாளில் அழுகத் தொடங்கி, கூமுட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும்போதுதான் மார்ட்டினிக், குவாதலூப் தீவு மக்களுக்குத் தலைவலியும் மூச்சுத் தொல்லையும் வருகின்றன. வீட்டு மின்சாதனங்களின் உலோகப் பகுதிகளும் அரித்துப்போகின்றன. 2011 முதல் அவர்களைப் படுத்தும் இந்தக் கரைநிகழ்வுக்குத்தான் சொல் தேவை.

மாற்றாகச் சொல்லக்கூடிய ‘பாசிப் படையெடுப்பு’ நாளிதழ்த் தலைப்புக்கு ஆகும். காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் போகும் பாசிக்குப் படை ஏது? ஆங்கில ‘golden tide’ வழிவரும் ‘பொன்னலை’யோ நகைக்கடைப் பெயர்போல் ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘பாசியடைசல்’. கரையை அடைவதும், வந்தது போகாமல் அடைந்து கிடப்பதும் ஒரே வேர்ச்சொல்லில் அமைகின்றன. சாமான் அறையைப் பார்த்து ‘ஒரே அடைசல்’ என்று அம்மா சலித்துக்கொள்வாரே, அந்தச் சலிப்பும் சொல்லிலேயே இருக்கிறது. வழக்கமாகக் கரையில் சிறிதளவு கிடப்பதை ‘ஒதுங்கு பாசி’ எனப் பிரித்துவிடலாம். அது மணலைப் பிடித்துவைக்கும், சிற்றுயிர்களுக்கு உணவாகும், அள்ளத் தேவையில்லை. அடைசலை அள்ளியாக வேண்டும், ஆனால் எங்கள் பினாங்கின் கெராச்சுட் போன்ற ஆமைக் கரைகளில் கனரக எந்திரத்தை இறக்கினால் முட்டைக்குழிகள் நசுங்கும். விட்டுவைத்தாலோ குஞ்சுகள் கடலை எட்டா. அள்ளியதில் ஆர்சனிக் இருப்பதால் உரமாக்குவதும் எளிதன்று. ஒதுங்கு பாசி, அடைசல் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கரைத் துப்புரவுக் கையேட்டைப் படிப்பவர் எதை அள்ளுவது, எதை விடுவது என்று குழம்புவார்.

‘கடற்பாசி’ என்ற முழுச்சொல்லை இதில் தவிர்த்ததற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. இங்கே அதைச் சொன்னால் தட்டில் சாய்சதுரமாக வெட்டி அடுக்கிய அகர்-அகர் இனிப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

சர்காசத்துக்கே தமிழ்ப்பெயர் கேட்டிருந்தீர்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் அதைக் ‘கட்டக்கோரை’ என்கிறார்கள். இங்கே மலேசியாவின் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்: தோல்போன்ற இலை, நசுக்கினால் ‘பட்’டென்று வெடிக்கும் மிளகளவுக் காற்றுப்பைகள். அது பாறையைப் பற்றி வளர்வது. அட்லாண்டிக்கில் பெருகும் இனங்களோ வாழ்நாள் முழுதும் எதையும் பற்றுவதில்லை. ஆகவே அவற்றுக்கு ‘மிதவைக் கட்டக்கோரை’ என்று பதிவிடலாமா?

அன்புடன்,
பினாங்கிலிருந்து