3050 6ஜிபியா, ஆர்எக்ஸ் 6600-ஆ? இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்

உசிலைப் பையன் (மாலை 4.10)
அண்ணன்மார்களுக்கு வணக்கம். கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி வாங்கலாமா, ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 வாங்கலாமா? மாமா இன்று ராத்திரி மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார். நாளைக் காலையில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடுவார். பட்ஜெட் 20 ஆயிரம், இழுத்தால் 22. கேம் விளையாடத்தான். எது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும். அவசரம்.

ரேடியான் ரசிகன் (4.16)
6600. யோசிக்கவே வேண்டாம். 2021 அக்டோபரில் வந்த கார்டுதான், ஆனாலும் இந்த விலையில் அதை அடிக்க ஆள் இல்லை. 8ஜிபி மெமரி, அதற்குப் போய்வரும் வழி 128 பிட் அகலம். நீங்கள் சொல்லும் 3050 பெயரில் மட்டும்தான் 3050. 2022 ஜனவரியில் வந்த 8ஜிபி கார்டில் 2560 கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு) இருந்தது. 2024 பிப்ரவரியில் 6ஜிபி என்று விட்டார்கள் பாருங்கள், அதில் கோரை 2304 ஆக்கி, 128 பிட்டை 96 ஆகச் சுருக்கி, பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். 1080பி-யில் (1920-க்கு 1080 புள்ளித் திரையில்) 6600 இதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஓடும்.

வைகைக்கரை (4.21)
தம்பி, கார்டுக்கு அப்புறம் வருவோம். எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) எத்தனை வாட்? ப்ராசஸர் என்ன? கேபினட் பெரிதா, சின்னதா? மானிட்டர் எத்தனை இன்ச்? என்னென்ன கேம்?

பச்சை விளக்கு (4.25)
கோர் கணக்கு எல்லாம் சரி, ஆனால் 3050-இல் டிஎல்எஸ்எஸ் (சின்ன அளவில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஏஎம்டியின் அதே மாதிரி வசதியான எஃப்எஸ்ஆர் இரண்டு கார்டிலும் ஓடும், டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸில் மட்டும்தான் ஓடும். அப்படியென்றால் 3050 வாங்குகிறவருக்கு இரண்டுமே கிடைக்கிறது. ஸ்ட்ரீம் பண்ணினாலும் அதன் வீடியோ என்கோடர்தான் (படத்தைச் சுருக்கி அனுப்பும் பகுதி) சுத்தமாக இருக்கும்.

ரேடியான் ரசிகன் (4.29)
1080பி-யில் டிஎல்எஸ்எஸ் போட்டால் உள்ளே 720பி அளவில் வரைந்துதான் பெரிதாக்கும். கார்டிலேயே பலம் இருந்தால் அது எதற்கு? ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே கூடுதல் ஃபிரேம் செருகுவது) வேண்டும் என்றாலும் டிஎல்எஸ்எஸ்ஸில் அது ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இருந்துதான். எஃப்எஸ்ஆர் 3-இல் உள்ளது 6600-இலும் ஓடும்.

பழையகை (4.34)
இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது தம்பி, அதில் இரண்டு வார்த்தை தட்டியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். இங்கே வருகிறவர்கள் முதலில் சிஸ்டம் விவரத்தை முழுதாக எழுதப் பழக வேண்டும். டாக்டரிடம் போய் வயிறு வலிக்கிறதா, தலை வலிக்கிறதா என்று சொல்லாமல் மாத்திரை கேட்பீர்களா? நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன்.

உசிலைப் பையன் (4.52)
மன்னிச்சுக்கோங்க அண்ணே, டியூஷன் போய்விட்டு வந்தேன். ஐ5, 8ஜிபி ரேம். எஸ்எம்பிஎஸ் பெட்டியோடு வந்தது. கேம் ஜிடிஏ 5, வேலரன்ட். 3டி படம் செய்யும் பிளெண்டரும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன்.

பச்சை விளக்கு (4.55)
பிளெண்டரா? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! பேச்சே இல்லை, 3050. அதில் படம் ஆக்கித் தரும் சைக்கிள்ஸில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் போட்டு ரெண்டர் பண்ணினால் வித்தியாசம் தெரியும்.

ரேடியான் ரசிகன் (4.58)
3.0 பதிப்பில் இருந்து பிளெண்டர் ரேடியானிலும் ஏஎம்டியின் ஹிப் வழியாக ரெண்டர் செய்கிறது. ஏதோ ஓடவே ஓடாதது மாதிரி சொல்ல வேண்டாம். வேகம் குறைவு என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கற்றுக்கொள்கிற பையனுக்கு அது போதும்.

வைகைக்கரை (5.03)
ஐ5 என்பது 2009-இல் இருந்து வருகிறது தம்பி. எந்தத் தலைமுறை என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் முழுப் பெயர் இருக்கும், அப்படியே எழுது. அப்புறம், "பெட்டியோடு வந்தது" என்றாயே, யாராவது அசெம்பிள் செய்து கொடுத்ததா, இல்லை அலுவலகங்களில் கழித்துவிடும் பழைய பெட்டியா? சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தகட்டைத் திற. எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் வாட் போட்டிருக்கும். கருப்பு வயரில் 8 முனைக் கனெக்டர் ஏதாவது சும்மா தொங்குகிறதா என்று பார். பெட்டியின் பின்பக்கம் கார்டு உட்காரும் தகட்டுப் பட்டையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அள. மாமா ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்குள் இதெல்லாம் தெரிய வேண்டும்.

திருமங்கலம் வயர்மேன் (5.10)
எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினட் திருகில் டெஸ்டரை வைத்தால் விளக்கு மினுக்குகிறதா? அப்படி மினுக்கினால் எர்த் சரியில்லை. நம்ம பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்து கெட்டியாகிவிடும். கரியும் உப்பும் போட்டுப் பதித்த குழியாக இருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் பலன் இல்லை. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். போர்டு போய்விட்டது, கார்டு போய்விட்டது என்று வருகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழையகை (5.14)
கேட்டது கிராபிக்ஸ் கார்டு. எர்த் குழிக்குத் தனி இழை போடலாம்.

திருமங்கலம் வயர்மேன் (5.17)
20 ஆயிரம் ரூபாய்ப் பொருளை மாட்டப்போகிறார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

எழும்பூர் வண்டி (5.20)
மாமா ரிச்சி தெரு போவது நல்ல யோசனை. நான் மதுரைக்காரன்தான், இப்போது சென்னையில் இருக்கிறேன். நாலு கடை ஏறி இறங்கினால் ஊரைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறையும்.

டவுன்ஹால் ரோடு (5.26)
அந்த ஆயிரம் எப்படிக் குறைகிறது என்று கேட்டீர்களா? ஜிஎஸ்டி 18 சதவீதம் அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். பல நேரம் பில் இல்லாமல் கொடுப்பதால்தான் குறைகிறது. என் தங்கை மகனுக்கு அப்படித்தான் வாங்கி வந்தார்கள். எட்டாவது மாதம் ஒரு ஃபேன் நின்றுபோனது. கடைக்கு ஃபோன் போட்டால், நேரில் எடுத்து வாருங்கள் என்கிறார்கள். போக வர டிக்கெட், ஒரு நாள் சம்பளம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்கே மிச்சம்? மதுரையில் வாங்கினால் சாயங்காலம் கடைக்குப் போய் எதிரில் நின்று கேட்கலாம்.

எழும்பூர் வண்டி (5.31)
எல்லாக் கடையும் அப்படி இல்லை. பில் கேட்டால் தருகிற கடை அங்கே நிறைய உண்டு. பல கம்பெனிகளில் சீரியல் நம்பரை வைத்துத்தான் வாரண்டி, எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றுதான்.

டவுன்ஹால் ரோடு (5.35)
சீரியல் நம்பரோடு பில்லையும் கேட்பார்கள். அந்த நம்பர் பில்லில் எழுதியிருக்க வேண்டும், பெட்டியில் ஒட்டியிருப்பதும் கார்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி நாலு பெட்டி அடுக்கி வைத்திருக்கும் கடையில், கார்டு ஒரு பெட்டியிலும் நம்பர் இன்னொன்றிலுமாக மாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

நாலாம் வீதி (5.40)
இரண்டுமே வேண்டாம். பழைய 1660 சூப்பர் ஒன்று பிடியுங்கள், பாதி விலைக்குக் கிடைக்கும். 192 பிட், மெமரி வேகம் 3050 6ஜிபியைப் போல் இரண்டு மடங்கு.

டவுன்ஹால் ரோடு (5.44)
2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டை ஓட்டி கிரிப்டோ காசு எடுப்பது) முடிந்ததும் மூட்டை மூட்டையாக வெளியே வந்த கார்டுகளில் அதுவும் ஒன்று. ராத்திரி பகலாக ஓடிய ஃபேன். நம்ம ஊர் மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் அது எத்தனை நாள் தாங்கும்?

நாலாம் வீதி (5.47)
மைனிங்கில் மின்சாரச் செலவைக் குறைக்க வோல்டேஜை இறக்கித்தான் ஓட்டுவார்கள். கேம் ஆடுகிறவர்தான் கார்டைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடியும் சூடாக்குகிறார். ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் போதும்.

உசிலைப் பையன் (6.05)
திறந்து பார்த்தேன் அண்ணே. ஐ5 6500. ஆமாம், ஆபீஸ் பெட்டிதான், மெலிசாக இருக்கும். ஸ்டிக்கரில் 180 வாட். சும்மா தொங்குகிற வயர் எதுவும் இல்லை. மதர்போர்டுக்கு வரும் கனெக்டரே 6 முனைதான். பட்டை உயரம் 8 சென்டிமீட்டர். மானிட்டர் 18.5 இன்ச், பின்னால் நீலக் கலர் கனெக்டர். போட்டோ எடுத்தேன், அப்லோட் ஆகவில்லை.

வைகைக்கரை (6.14)
இதைத்தான் எதிர்பார்த்தேன். தம்பி, இனி எது வேகம் என்ற கேள்வியே இல்லை. உன் பெட்டிக்குள் 6600 போகாது.

முழு உயரக் கார்டின் பட்டை 12 சென்டிமீட்டர். உன்னுடையது 8, அதாவது லோ புரொஃபைல். 6600-ஐ அந்த உயரத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை. சரி, கேபினட்டை மாற்றலாம் என்று வைத்துக்கொள். அது 132 வாட் இழுக்கும், தனியாக 8 முனை வயர் வேண்டும், 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸாவது வேண்டும். உன் போர்டில் 6 முனை என்பதால் கடையில் விற்கும் சாதாரண 24 முனை எஸ்எம்பிஎஸ் நேராகச் சேராது. ஒன்றைத் தொட்டால் மூன்றை மாற்ற வேண்டும்.

3050 6ஜிபி மொத்தமே 70 வாட். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வரை கொடுக்கலாம் என்பதால் பெரும்பாலான 6ஜிபி கார்டுகளுக்குத் தனி வயர் தேவையில்லை. அதில் லோ புரொஃபைல் கார்டும் வருகிறது. உன் ப்ராசஸர் 65 வாட். இரண்டும் சேர்ந்து 135. ஹார்ட் டிஸ்க், ரேம், ஃபேன் எல்லாம் சேர்த்தால் 160 பக்கம். 180-க்குள் அடங்குகிறது, ஆனால் இழுத்துப் பிடித்த கணக்குதான். ஒரே ஒரு சந்தேகம்: சில மெலிந்த பெட்டிகளில் அந்த ஸ்லாட்டுக்கு முழு 75 வாட் விடமாட்டார்கள். மாடல் பெயரை எழுது, கையேட்டில் பார்க்கிறேன்.

ரேடியான் ரசிகன் (6.20)
ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரில் இருந்து 8 முனைக்கு ஒரு கன்வர்ட்டர் வயர் இருக்கிறதே? மூடியைத் திறந்துபோட்டு 6600-ஐ ஓட்டலாம். நாலு ஃபிரேம் கூடக் கிடைக்கும்.

வைகைக்கரை (6.23)
தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் முனைகள் மொத்தம் நாலரை ஆம்பியருக்குத்தான், அதாவது 54 வாட். 8 முனை 150 வாட்டுக்கு. உருகிய கனெக்டரை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் வழிந்து முனையோடு ஒட்டிப்போயிருந்தது. அதிலும் இது 180 வாட் பெட்டி. பையன் வீட்டில் தூங்குகிற நேரத்தில் என்ன ஆகும்?

திருமங்கலம் வயர்மேன் (6.25)
வைகைக்கரை சொல்வதுதான் சரி.

ரேடியான் ரசிகன் (6.29)
சரி, 180 வாட் என்றால் வேண்டாம். 6600 நல்ல கார்டு என்பதில் மாற்றம் இல்லை.

நாலாம் வீதி (6.31)
அப்படியென்றால் 1660 சூப்பரும் போகாது, 125 வாட். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு?

வைகைக்கரை (6.36)
அதுவும் 107 வாட். தவிர, போர்டோடு பேச அதற்கு நாலு லேன் (வழி) தான். உன் ஐ5 6500-இன் ஆறாம் தலைமுறை போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால் அந்த நாலு லேனும் பாதி வேகத்தில் ஓடும். 4ஜிபி மெமரி நிறைந்ததும் அந்தக் குறுகலான வழியில்தான் எல்லாம் போய் வர வேண்டும், படம் திக்கும். வீடியோ என்கோடரும் கிடையாது. 3050-க்கு எட்டு லேன், 3.0-விலும் பிரச்சினை தெரியாது.

பழையகை (6.40)
நான்கு கோர், நான்கு த்ரெட் உள்ள 2015 ப்ராசஸருக்கு இவ்வளவு பேச்சு. அந்தப் பெட்டியை விற்றுவிட்டுப் புதிதாக அசெம்பிள் செய்வதுதான் முறை. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

வைகைக்கரை (6.44)
பையனிடம் 20 ஆயிரம்தான் இருக்கிறது. அதில் முழுப் பெட்டி எங்கே வரும்? அந்த மானிட்டர் 1366-க்கு 768-ஆக இருக்கும், அதில் ஜிடிஏவும் வேலரன்ட்டும் ஆட 3050 தாராளம். நாளைக்குப் பெரிய பெட்டி வந்தால் கார்டை எடுத்து அதில் மாட்டிக்கொள்ளலாம்.

தம்பி, முக்கியமான ஒன்று. நீலக் கனெக்டர் என்றால் விஜிஏ. புதுக் கார்டுகளில் அது கிடையாது, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். எச்டிஎம்ஐ-இல் இருந்து விஜிஏ மாற்றி ஒன்றும் மாமாவிடம் சொல்லிவிடு. வெறும் வயராக இருக்கக் கூடாது, உள்ளே சிப் உள்ள மாற்றியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் கார்டு வந்தால் திரை கருப்பாகத்தான் நிற்கும், கார்டு போச்சு என்று நினைத்துக்கொள்வாய். கார்டுப் பெட்டிக்குள் குட்டைப் பட்டையும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்க்கச் சொல்.

டவுன்ஹால் ரோடு (6.47)
பில்லில் சீரியல் நம்பர்.

உசிலைப் பையன் (7.30)
மாமாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றி அண்ணே.

வைகைக்கரை (7.34)
பெட்டியின் மாடல்?

எழும்பூர் வண்டி (8.15)
மாமாவுக்குக் கடை தெரியாவிட்டால் சொல்லுங்கள், காலையில் நானே கூடப் போகிறேன். பாண்டியனில் இறங்கினால் எழும்பூரில் இருந்து ரிச்சி தெரு பக்கம்தான்.

உசிலைப் பையன் (மூன்றாம் நாள், இரவு 9.20)
3050 குட்டைக் கார்டு பொருந்திவிட்டது. மாற்றியும் வாங்கி வந்தார். ஜிடிஏ நன்றாக ஓடுகிறது. எல்லாருக்கும் நன்றி.

பச்சை விளக்கு (9.24)
வாழ்த்துகள் தம்பி. பிளெண்டரில் ரெண்டர் போடும்போது ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுக்க மறக்காதே, தானாக வராது.

வைகைக்கரை (9.31)
சந்தோஷம். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பார். நடுவில் தானாக அணைந்து மறுபடி வந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே இங்கே எழுது. ஃபிரேமை 60-இல் நிறுத்தி வைத்தால் வாட்டும் குறையும், சூடும் குறையும். அடுத்து கையில் காசு வரும்போது ரேமை இன்னொரு 8ஜிபி போட்டு ஜோடியாக்கு. அதற்கு முன் இப்போது இருப்பது ஒரே குச்சியா, டிடிஆர் 3-ஆ 4-ஆ என்று பார்த்துவிடு. ஆறாம் தலைமுறைப் போர்டுகளில் இரண்டும் உண்டு.