ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சணம், துடைத்தாலும் திரும்ப வருகிறது

ஈஸ்ட்ஹாம்_அம்மா:
லண்டனில் வாடகை ஃபிளாட், படுக்கையறை வடக்குப் பக்கம். காலையில் பார்த்தால் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கி நிற்கிறது, ரப்பர் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி, இப்போது திரைச்சீலை அடி வரைக்கும் ஏறிவிட்டது. ப்ளீச் போட்டால் போகிறது, சில நாளில் மறுபடியும் அதே கதை. மகளுக்கு வீசிங் இருப்பதால் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார், அவ்வளவுதான்.

குரோய்டன்_ரவி:
அக்கா, அந்தத் தண்ணீர் நிற்காமல் பூஞ்சணம் நிற்காது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே இறங்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும், குளிர்காலக் கண்ணாடி ராத்திரியில் அதற்கும் கீழே போய்விடும். துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப் போடுகிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். குக்கர் வைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், குளித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். சட்டத்தின் மேலே சின்னத் திறப்பு (ட்ரிக்கிள் வென்ட்) இருந்தால் மூடவே மூடாதீர்கள், பல வீடுகளில் குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி வைத்திருப்பார்கள். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்தால் போதும், நாள் முழுக்க வேண்டாம். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

வேலைக்காரன்77:
பெயின்ட், சீலன்ட் வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன். காய்ந்த பூஞ்சணத்தைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூள் பறந்து மூக்குக்குள் போகும், மகளை வேறு அறையில் விட்டு மாஸ்க், கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கிளீனரையோ ஒருபோதும் கலக்க வேண்டாம், விஷவாயு வரும். ஜன்னல் ஓர இடுக்கை அடைத்திருக்கும் சிலிகானுக்கு உள்ளேயே கறுத்திருந்தால் எந்த மருந்தும் எடுக்காது, பிளேடால் அறுத்தெடுத்து, இடத்தை நன்றாகக் காயவிட்டு, பூஞ்சண எதிர்ப்பு சிலிகானைப் புதிதாகப் போட வேண்டும். சுவர்ப் பூச்சு ஊறியிருந்தால் காயாமல் பெயின்ட் அடிப்பது வீண்.

நளினி_லூட்டன்:
திறந்து வையுங்கள் என்று சொல்லி வீட்டுக்காரர் கழன்றுகொள்ள முடியாது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்ததற்கு வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை சொன்னது. அந்தப் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரிலிருந்து கவுன்சில் (உள்ளாட்சி), ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கில்லாமல் வாடகைக்கு விடும் அமைப்பு) வீடுகளுக்கு அமலில் இருக்கிறது. உங்களுடையது தனியார் வீடு என்றாலும் குடியிருக்கத் தகுதியாக வைத்திருப்பது அவர் பொறுப்பு. தேதியோடு படம் எடுத்து, வீசிங் விஷயத்தையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் கொடுங்கள், வந்து பார்ப்பார்கள்.

ஈஸ்ட்ஹாம்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வென்ட்டில் டேப்தான் ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

குரோய்டன்_ரவி:
வாங்கலாம், ஆனால் படுக்கையறை ரொம்பக் குளிர் என்றால் டெசிகன்ட் வகையாக (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்தது) பாருங்கள், கம்ப்ரஸர் வகை (ஃபிரிட்ஜ் மாதிரி குளிரவைத்து ஈரத்தை எடுப்பது) குளிரில் சரியாக இழுக்காது. அதற்கு முன்னால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி ஜன்னல் பக்கம் வையுங்கள்.