மால்டாவுல கார் எடுக்கணுமா, பஸ் போதுமா?

ஊர்சுற்றி: ஆகஸ்ட்ல அம்மா அப்பாவோட மால்டா போறோம். தங்குறது ஸ்லீமா. அப்பாவுக்கு முழங்கால் வலி. கார் வாடகைக்கு எடுக்கலாமா?

வெண்ணிலா: யோசிக்காம எடுங்க. 1964 வரைக்கும் வெள்ளைக்காரன் ஆண்ட தீவு, நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். அந்த வெயில்ல பெரியவங்களை பஸ்ஸுக்கு நிக்க வைக்காதீங்க. பஸ் நிரம்பிட்டா கை காட்டினாலும் நிறுத்தாம போயிடுவாங்க. பக்கத்துத் தீவு கோசோவுக்கான படகுத்துறைக்குப் போற 222-ம் நம்பர் பஸ்ல பாதி வழியில ஏறிப் பாருங்க, தெரியும்.

கடலோடி: ஸ்லீமாவுல தங்கிட்டு காரா! எங்கே நிறுத்துவீங்க? ரோட்டுல வெள்ளைக் கோடு போட்ட இடத்துல யாரும் நிறுத்தலாம், பச்சை அந்தப் பகுதிக்காரங்களுக்கு, மஞ்சள்ல நிறுத்தவே கூடாது. சாயங்காலம் வெள்ளைக் கோடு காலியா கிடைச்சா அது உங்க அதிர்ஷ்டம். நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் வலேட்டாவுக்கு ஸ்லீமாவிலிருந்தே படகு இருக்கு, சில நிமிஷத்துல அக்கரை.

வெண்ணிலா: அக்கரை சரி, இறங்கினதும் ஊருக்குள்ள போக செங்குத்தா ஏறணுமே? லிஃப்ட் இருக்கிறது மறுபக்கத் துறைமுகத்துல. முழங்கால் வலின்னு அவர் சொன்னதைப் படிச்சீங்களா இல்லையா?

கடலோடி: படிச்சேன். அப்போ பஸ்ல போகட்டும், நகர வாசல்லயே இறக்கி விடுவான். அங்கிருந்து மேல் பராக்கா தோட்டம் கொஞ்ச தூரம்தான். நீங்க சொன்ன லிஃப்ட் அங்கேதான் இருக்கு. கீழே இறங்கினா கோசோவுக்கு அதிவேகப் படகு, முக்கால் மணி நேரம். 222 பக்கமே போக வேண்டாம்.

கல்தச்சன்: காருக்கு அடிச்சுக்கிறீங்களே, ஹால் சஃப்லியேனிக்கு டிக்கெட் போட்டாச்சான்னு யாராவது கேட்டீங்களா? பாறையைக் குடைஞ்ச பாதாள ஈமக்கூடம். ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுறாங்க. பல வாரம் முன்னாடியே போட்டாகணும். உள்ளே படிக்கட்டு உண்டு, அப்பாவை யோசிச்சுக்குங்க. அவருக்கு ஹஜார் இம்ங்கிற கற்காலக் கோயில் தோது, மேலே கூடாரம் போட்டிருக்காங்க, வெயில் அடிக்காது. அப்புறம், கோசோவுல கடலுக்குள்ள நின்ன கல் வளைவு 2017 மார்ச்சுலயே இடிஞ்சு விழுந்துடுச்சு. அந்தப் படத்தைக் காட்டி எவனாவது டூர் விற்றா வாங்காதீங்க.

ஊர்சுற்றி: டிக்கெட் இன்னும் போடலை. இன்னைக்கே பார்க்கிறேன். கோசோவுக்கு மட்டும் கார் எடுத்தா?

வெண்ணிலா: அதைத்தான் சொல்ல வந்தேன். சிர்கெவ்வா படகுத்துறையிலிருந்து காரோட கப்பல்ல ஏறிடுங்க. போகும்போது காசு கேட்க மாட்டாங்க, திரும்பும்போது கோசோ துறைமுகம் இம்ஜார்லதான் டிக்கெட்.

கடலோடி: கோசோவுக்குன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே பார்க்கிங் தொல்லை அவ்வளவா கிடையாது. ஆனா அன்னைக்கு ராத்திரியே காரைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

வெண்ணிலா: ராத்திரி எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? மறுநாள் காலைன்னு பேசி வையுங்க.