முதல் ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் எது? பள்ளிக்கூடக் கதை வேண்டாம்

நடுநிசி:

வணக்கம். ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் ஒன்றைக்கூட நான் இதுவரை முழுதாக ஆடியதில்லை. விட்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டையும் முடித்திருக்கிறேன். அவற்றில் என்னைப் பிடித்து வைத்தது சண்டை இல்லை, மனிதர்கள்தான். கடன், குற்றவுணர்வு, வயது, யாருக்கு விசுவாசமாக இருப்பது என்று பெரியவர்களுக்கு வரும் சிக்கல்கள் உள்ள கதை வேண்டும். சீருடை போட்ட பையன் பள்ளி விட்டதும் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் கதைகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

நண்பர் ஒருவர், "இருப்பதிலேயே இருட்டான கதை இதுதான்" என்று ஷின் மெகாமி டென்சே 3 நாக்டர்ன் கேமின் எச்.டி. ரீமாஸ்டரை (மெருகேற்றிய மறுபதிப்பை) கொடுத்தார். டோக்கியோ அழிகிற அந்தத் தொடக்கம் அசத்தலாக இருந்தது. ஆனால் மாட்டடோர் என்ற பாஸிடம் (பெரிய எதிரியிடம்) வந்து நின்றுவிட்டேன். நான் அடிப்பது எதுவும் அவன் மேல் படுவதில்லை. என் முறை சட்டென்று முடிந்துவிடுகிறது, அவன் வரிசையாக அடிக்கிறான். லெவல் ஏற்றிப் பார்த்தும் மாற்றமில்லை.

மாட்டடோரைத் தாண்டுவது எப்படி? தாண்டினாலும், எனக்கு முதல் கேம் இதுவாக இருக்கலாமா, வேறு ஒன்றில் தொடங்கலாமா?

என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4 (பி.எஸ்.4). லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆங்கிலம் நன்றாகவே படிப்பேன், ஆனால் பழைய காலத்து ஆங்கிலம் என்றால் வேகம் குறைந்துவிடும்.

பழைய கன்சோல்:

முதலில் மாட்டடோரைப் பார்ப்போம். அங்கே நிற்காதவர்கள் குறைவு. அதுவரை கேம் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒரே சண்டையில் கேட்கிற இடம் அது.

நாக்டர்னில் சண்டை ஓடுவது 'பிரஸ் டர்ன்' முறையில். எதிரியின் பலவீனத்தைப் பார்த்து அடித்தால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைக்கும். அடி தவறினால், அல்லது எதிரிக்கு அந்த அடி உறைக்காது என்றால், ஒன்றுக்கு இரண்டாக வாய்ப்பு பறிபோகும். எதிரிக்கும் இதே விதிதான். மாட்டடோர் 'ரெட் கப்போட்' போட்டுத் தன் வேகத்தை உச்சிக்கு ஏற்றிக்கொள்கிறான். உங்கள் அடி தவறுகிறது, தவறிய ஒவ்வொரு அடிக்கும் இரண்டு வாய்ப்பு போகிறது. உங்கள் முறை சட்டென்று முடிவது இதனால்தான். லெவல் ஏற்றியும் பயனில்லாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது: சுகுண்டா அல்லது ஃபாக் பிரெத் என்ற திறன் தெரிந்த பேயை உங்கள் கூட்டத்தில் வையுங்கள். அவை எதிரியின் வேகத்தையும் குறி தவறாமையையும் இறக்கும். ஒருமுறை போட்டு நிறுத்தாதீர்கள், அடுக்கடுக்காகப் போடலாம். முதல் சில முறைகளை அதற்கே செலவழியுங்கள், அடிப்பது அப்புறம். அவன் போடும் மசான் 'ஃபோர்ஸ்' வகைத் தாக்குதல். உங்கள் பக்கம் சண்டை போடும் பேய்களில் ஃபோர்ஸுக்குப் பலவீனமானவற்றை வெளியே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே அவனுக்குக் கூடுதல் வாய்ப்பைக் கொடுக்கிறீர்கள். நாயகனுக்கு ஹிஃபுமி என்ற மகதாமா (அவனுக்குத் திறன் தரும் பொருள்) போட்டால் ஃபோர்ஸ் அவனைத் தொடாது. மாட்டடோர் 'ஃபோகஸ்' போட்டால் அடுத்த அடி மிகக் கனமாக விழும், எல்லோருக்கும் உயிரை நிரப்பிக் காத்திருங்கள்.

அதுவும் ஆகவில்லை என்றால், எச்.டி. ரீமாஸ்டருக்கு 'மெர்சிஃபுல்' என்ற எளிய நிலை இலவசக் கூடுதலாகக் கிடைக்கிறது. நார்மலில் ஆடுபவர் நடுவிலேயே அதற்கு மாறலாம், திரும்பவும் வரலாம். கதைக்காக ஆடுபவர் அதைப் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

தாரகை:

மாட்டடோருக்கு மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நாக்டர்னை எடுத்து வையுங்கள், இரண்டு மூன்று கேம் ஆடிவிட்டு அதற்குத் திரும்புங்கள். அது மகத்தான கேம்தான். 2003-இல் பி.எஸ்.2-இல் வந்தது, இன்றைக்கும் அந்த வெறுமை வேறெதிலும் இல்லை. ஆனால் நீங்கள் தேடுவது மனிதர்களை. நாக்டர்னில் மனிதர்கள் கைவிரலில் அடங்குவார்கள், அவர்களும் மெல்ல மெல்லக் கொள்கைகளாக மாறிவிடுவார்கள். பேச்சு குறைவு. இருட்டு வேறு, நீங்கள் கேட்கிற வாழ்க்கைச் சுமை வேறு.

பெட்டியில் இருக்கும் வயதுக் குறியீட்டையும் நம்ப வேண்டாம். பெர்சோனா 5-க்கு அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல் என்ற குறியீடு, அதன் நாயகன் உயர்நிலைப்பள்ளி மாணவன். ஃபைனல் ஃபேன்டசி 12-க்குப் பதின்வயதினர் ஆடலாம் என்ற குறியீடு, அதில் இருப்பது ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நாடு, கணவனை இழந்த இளவரசி, அரசனைக் கொன்றதாகப் பழி சுமக்கும் தளபதி.

உங்களுக்கு என் பரிந்துரை யாகுஸா: லைக் எ டிராகன். 2020-இல் வந்தது, பி.எஸ்.4-இல் ஓடும். நாயகன் இச்சிபான் கசுகா, யாகுஸா எனப்படும் ஜப்பானியக் குற்றக்கும்பலைச் சேர்ந்தவன். தன் தலைவருக்காக, தான் செய்யாத கொலையை ஏற்றுக்கொண்டு 2001-இல் சிறைக்குப் போகிறான். 18 ஆண்டு கழித்து வெளியே வரும்போது வயது 42, வாசலில் அவன் எதிர்பார்த்த ஒருவரும் இல்லை. தலைவரைத் தேடிப் போனால் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. கண் விழிப்பது யோகோஹாமாவில், வீடற்றவர்கள் தங்கும் ஒரு கூடாரத்தில். காப்பாற்றியவர் வேலை போன செவிலியர் நான்பா. அடுத்துச் சேர்பவர் அடாச்சி, பதவியிழந்த முன்னாள் காவல்துறைக்காரர். பிறகு சயேகோ, மதுக்கூடம் நடத்திய பெண். எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒருமுறை அடி விழுந்துவிட்டது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இசெசாகி இஜின்சோ என்ற அந்த ஊர், யோகோஹாமாவின் இசெசாகிச்சோவை வைத்துக் கட்டப்பட்டது. ஆவணமில்லாமல் வாழ்பவர்கள், பாலியல் தொழிலாளிகள், வீடற்றவர்கள், இவர்களை ஊரிலிருந்து 'சுத்தம்' செய்யக் கிளம்பும் ஓர் இயக்கம், அதற்குப் பின்னால் இருக்கும் அரசியல் எல்லாம் கதைக்குள் வருகிறது. தொழிலை (சண்டையில் ஒருவர் வகிக்கும் பங்கை) மாற்றிக்கொள்ளும் இடம்கூடக் கோயிலோ மந்திரக் கல்லோ இல்லை, 'ஹலோ வொர்க்'. ஜப்பானில் அரசு நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உண்மையான பெயர் அது. வேலை தேடி வரிசையில் நிற்கும் நடுவயதுக்காரன் நாயகனாக இருக்கும் கேம் வேறு எத்தனை இருக்கிறது?

முதல் கேமாகச் சொல்ல இன்னொரு காரணம், இந்த வகையின் வழக்கங்கள் எல்லாம் இதில் கதைக்குள்ளேயே விளக்கப்படுகின்றன. இச்சிபான் சிறுவயதில் டிராகன் குவெஸ்ட் என்ற பழைய ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் ஆடி வளர்ந்தவன். அதனால்தான் தெருச்சண்டையையும் அப்படியே, அவரவர் முறைக்குக் காத்திருந்து அடிப்பதாகப் பார்க்கிறான். ஆங்கிலமும் இன்றைய பேச்சு ஆங்கிலம், உங்களுக்குச் சிரமம் இருக்காது.

இரண்டு எச்சரிக்கை. முதல் சில மணி நேரம் பெரும்பாலும் கதைக்காட்சிதான், சண்டைக்குத் தொழில் மாற்றும் வசதி 5-ஆம் அத்தியாயத்தில்தான் திறக்கும். பொறுங்கள். அடுத்தது, துணைக்கதைகள் சில படு கோமாளித்தனமானவை. நண்டு மாதிரி ஒரு பிராணியை உதவிக்கு அழைக்கலாம் என்ற அளவுக்கு. முக்கியக் கதையின் கனத்தோடு அது சேருமா என்று தோன்றும். எனக்குச் சேர்ந்தது. துயரத்திலேயே மூழ்கிக் கிடக்கும் கதையைவிட, அடிபட்டவர்கள் சேர்ந்து சிரிக்கும் கதையில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

வெண்ணிலவன்:

தாரகையோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பெரியவர்களுக்கான கதை என்றால் என் முதல் பெயர் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்தான். யாசுமி மட்சுனோ இயக்கி 1997-இல் வந்தது. 2025 செப்டம்பரில் 'தி இவாலிஸ் க்ரானிக்கிள்ஸ்' என்று புதுப்பித்திருக்கிறார்கள், பி.எஸ்.4-க்கும் உண்டு. அரசுரிமைக்காக இரண்டு பிரபுக் குடும்பங்கள் மோதுகின்றன, நடுவில் திருச்சபை காய் நகர்த்துகிறது. இங்கிலாந்தின் ரோஜாப் போர்களை நினைவுபடுத்தும் கதை. ராம்ஸா பிரபு வீட்டுப் பிள்ளை, டெலிட்டா அதே வீட்டில் வளர்ந்த எளிய குடும்பத்துப் பையன். முதல் அத்தியாயம் முடியும்போது அந்த நட்புக்குப் பிறப்பு என்ன விலை கேட்கிறது என்று பார்க்கிறோம். சாதியை அறிந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. வயதில் அவர்கள் இளைஞர்கள்தான், ஆனால் சுமப்பது பெரியவர்களின் பாரம்.

ஒரு சண்டை என்பது ஓர் இரவுக்குச் சரியான அளவு. நின்று நிதானித்து யோசித்து ஆடலாம்.

தாரகை:

கதையில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, மிக உயர்ந்த கதை. ஆனால் முதல் கேமாகக் கொடுக்கத் தயங்குகிறேன். அதன் ஆங்கிலம் வேண்டுமென்றே பழைய சாயலில் எழுதப்பட்டது, நடுநிசி தவிர்க்கச் சொன்னதே அதைத்தான். தொழில்களும் திறன்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோக்கும் அமைப்பு புதியவரைத் திணற வைக்கும். விழுந்த ஆளைக் குறிப்பிட்ட முறைகளுக்குள் எழுப்பாவிட்டால் அவர் நிரந்தரமாகப் போய்விடுவார்.

வெண்ணிலவன்:

ஆங்கிலம் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிய பதிப்பில் குரல் கொடுத்திருக்கிறார்கள், காதால் கேட்டால் பாதிச் சிரமம் குறையும். எளிய நிலையும் இருக்கிறது. ஆடினால் ஒரே ஒரு அறிவுரை: தொடர்ச்சியாகச் சண்டை வரும் கோட்டைகளில் நுழையும் முன் தனி இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் இரண்டு சண்டைக்கு நடுவே ஒரே சேவின் மேல் சேவ் செய்து, திரும்பவும் முடியாமல் ஜெயிக்கவும் முடியாமல் நின்றவர்கள் நிறைய.

நடுநிசி:

எல்லோருக்கும் நன்றி. சுகுண்டாவை அடுக்கிப் போட்டேன், மாட்டடோர் விழுந்தான்! காரணம் தெரிந்த பிறகு அந்தச் சண்டையே வேறாகத் தெரிந்தது.

இன்னும் சில பெயர்கள் காதில் விழுகின்றன. ஃபைனல் ஃபேன்டசி 16, நியர் ஆட்டோமேட்டா, எக்ஸ்பெடிஷன் 33. இவை எப்படி?

பழைய கன்சோல்:

ஃபைனல் ஃபேன்டசி 16 பி.எஸ்.4-இல் வரவில்லை. கதை முழுக்கப் பெரியவர்களுடையது, ஆனால் சண்டை கைவேகத்தில் ஓடுவது, முறை வைத்து ஆடுவது இல்லை. எக்ஸ்பெடிஷன் 33-உம் பி.எஸ்.4-இல் இல்லை. அதைச் செய்தது பிரான்சில் மான்பெலியேயில் இருக்கும் சாண்ட்ஃபால் நிறுவனம். ஜப்பானிய கேம்களை நேசித்து எழுந்த படைப்பு. பிற்பாடு வேறு கன்சோல் வாங்கினால் தவறவிடாதீர்கள்.

நியர் ஆட்டோமேட்டா பி.எஸ்.4-இல் இருக்கிறது, அருமையானது. ஆனால் ஒரு மணி நேரக்காரருக்கு இரண்டு சங்கடம். தானாக சேவ் ஆகாது, அதிலும் முன்னுரைப் பகுதியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், நடுவில் சேவ் கிடையாது. அடுத்து, முதல் முடிவு வந்து பெயர்கள் ஓடினாலும் கதை முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் உண்மையான கனம் வருகிறது. முதல் சுற்றோடு எழுந்துபோய், "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று கேட்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

நடுநிசி:

அப்படியென்றால் லைக் எ டிராகன். ஆரம்பித்தும் விட்டேன், நான்பாவின் கூடாரம் வரை வந்திருக்கிறேன். தாரகை சொன்னது போலக் கதைக்காட்சி நீளம்தான், ஆனால் சிறை வாசல் காட்சிக்குப் பிறகு அணைக்க மனம் வரவில்லை. மாட்டடோர் மாதிரி எங்காவது முட்டி நிற்பேனா? முன்பே தெரிந்தால் நல்லது.

தாரகை:

உண்டு. 12-ஆம் அத்தியாயம். அதுவரை இயல்பாகப் போன சண்டைகள் அங்கே திடீரென்று கடினமாகும், கதையின் ஒரு பெரிய சண்டை சுவர் போல நிற்கும். யாருடன் என்று சொல்லமாட்டேன். அதே அத்தியாயத்தில் ஒசாகாவின் சோடென்போரியில் ஒரு சண்டை அரங்கம் திறக்கும். கதையைத் தொடரும் முன் அங்கே போய் லெவலை 50-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிடுங்கள். அனுபவப் புள்ளியோடு நல்ல பொருட்களும் கிடைக்கும். இரண்டு மூன்று இரவு அதற்கென்று ஒதுக்குங்கள்.

அப்புறம், இச்சிபான் விழுந்தால் மற்றவர்கள் நின்றாலும் ஆட்டம் முடிந்தது, எனவே சிகிச்சை முதலில் அவனுக்கு. தோற்று மீண்டும் எழுந்தால் கையில் இருக்கும் பணத்தில் பாதி போய்விடும். வங்கி இயந்திரத்தில் போட்ட பணம் போகாது. பெரிய சண்டை என்று தோன்றினால் முதலில் ஏ.டி.எம். பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். கம்பெனி நடத்தும் பகுதியையும் ஒதுக்காதீர்கள், ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் வேண்டிய பணம் அங்கேதான் வரும், எரி என்ற இன்னொரு துணையும் அந்த வழியாகத்தான் சேருவாள்.

சேவ் பற்றிக் கவலை வேண்டாம், தெருவில் நடக்கும்போது மெனுவிலிருந்தே செய்யலாம். நிலவறை மாதிரி நீளமான இடங்களில் மட்டும் அந்த வசதி இருக்காது, ஒரு மணி நேரத்தின் கடைசியில் அவற்றில் நுழைய வேண்டாம்.

வெண்ணிலவன்:

ஒரு சின்னச் சேர்க்கை. பிற்பாடு பி.எஸ்.5 வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த கேமில் பி.எஸ்.4-இல் சேவ் செய்ததை பி.எஸ்.5 பதிப்பு எடுத்துக்கொள்ளாது. அங்கே போனாலும் பி.எஸ்.4 பதிப்பையே நிறுவித் தொடருங்கள். முடித்துவிட்டு இங்கே வாருங்கள், டாக்டிக்ஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.